யோசபாத் கேட்ட கேள்வி

தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் விடியற்காலையில் ஒரு மூட்டை போஞ்சிக்கு மூன்று விலை இருக்கும். விளைவித்தவர் வீட்டிலிருந்து புறப்படும்போது மனதில் போட்டுக்கொண்டு வந்த விலை ஒன்று. கமிஷன் கடைக்காரர் சொல்லும் விலை ஒன்று. கொழும்புக்கு ஏற்றுகிற வியாபாரி, லொறி கிளம்பிய பிறகு தன் ஆளுக்குத் தொலைபேசியில் சொல்லும் விலை இன்னொன்று. இந்த மூன்றுக்கும் நடுவில் நடப்பது முழுக்கப் பேச்சு. "மல்லி, வெலிமடையில இருந்து லொறி வரிசையா வந்துகிட்டு இருக்கு. இப்ப குடுத்தா இந்த விலை. விடிஞ்சா நான் பொறுப்பில்ல" என்று சிங்களத்தில் சொல்வார்கள். பல நேரம் அந்த லொறி வெலிமடையிலும் இருக்காது, வேறெங்கும் இருக்காது.

கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியும் திருகோணமலைக்குப் போகும் ஏ6 வீதியும் சந்திக்கிற ஊர் இது. 1999இல் இந்தச் சந்தை திறந்த நாளிலிருந்து மலைநாட்டு லீக்ஸும் கரட்டும், யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயமும், எங்கள் பக்கத்துப் பெரிய வெங்காயமும் இங்கேதான் கைமாறுகின்றன. சரக்கோடு சேர்ந்து கதையும் கைமாறும். ஓகஸ்ட், செப்டெம்பரில் தம்புள்ளை, கலேவெல பக்கம் பெரிய வெங்காயம் கிளம்பும் சமயத்தில், "இறக்குமதி வரியைக் குறைக்கப் போறாங்களாம்" என்று ஒரு வார்த்தை கசிந்தால் போதும். காய வைத்துப் பாதுகாத்து நல்ல விலைக்கு விற்கலாம் என்று இருந்தவர்கூட அவசரமாக மூட்டை கட்டிவிடுவார்.

நீதிமொழிகள் 20ஆம் அதிகாரத்தில் இப்படிப்பட்ட வியாபாரியைப் பற்றி ஒரு வசனம் உண்டு. வாங்கும் வரைக்கும் சரக்கை மட்டம் தட்டுவான், வாங்கிக்கொண்டு போனதும் தன் சாமர்த்தியத்தைப் பீற்றிக்கொள்வான் என்பது அதன் சாரம். எழுதியவர் அரண்மனையில் இருந்தாரோ என்னவோ, சந்தையில் நின்று பார்த்தவர் என்பது மட்டும் நிச்சயம்.

இந்தச் சின்ன ஏமாற்று எங்கள் ஊர்க்காரருக்குப் பழகிப்போனது. மருந்தும் அவர்கள் கையிலேயே இருக்கிறது. அனுபவமுள்ள விவசாயி முதல் கடையில் மூட்டையை இறக்க விடமாட்டார். நாலு கடை தள்ளி நடந்து போய், தன் சரக்கை வாங்கப்போகாத ஒருவரிடம், வட்டக்காயோ இஞ்சியோ விற்கிற யாரிடமாவது, "இன்னைக்குப் போஞ்சி எப்படி?" என்று சும்மா கேட்பார். லாபமும் நட்டமும் இல்லாத வாய் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும். நான் இங்கே எழுத வந்தது அந்த நாலாவது கடையைப் பற்றித்தான். அந்தக் கடையே இல்லாமல் செய்துவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பற்றி.

1 இராஜாக்கள் 22ஆம் அதிகாரம். ஞாயிறு பாடசாலையில் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்காத கதை. வடக்கே இஸ்ரவேலின் ராஜா ஆகாப். தெற்கே யூதாவின் ராஜா யோசபாத். சீரியர் கையில் இருக்கிற கீலேயாத்திலுள்ள ராமோத்தைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்று ஆகாபுக்கு ஆசை. யோசபாத் விருந்தாளியாக வந்திருக்கிறான். வாருங்கள், சேர்ந்து போவோம் என்கிறான் ஆகாப். யோசபாத் சரி என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு, முதலில் கர்த்தரிடம் விசாரியுங்களேன் என்கிறான். இந்த வரிசையைக் கவனியுங்கள். சம்மதம் முன்னால், விசாரணை பின்னால். நம் வீடுகளில் காணி வாங்குவதும், கலியாணம் பேசி முடிப்பதும் இதே வரிசையில்தான் நடக்கிறது. முற்பணம் கொடுத்துவிட்டு, ஐயரிடம் ஜெபிக்கச் சொல்லுவோம்.

ஆகாப் சுமார் நானூறு தீர்க்கதரிசிகளைக் கூட்டுகிறான். சமாரியாவின் வாசலில், களத்துமேட்டில், இரண்டு ராஜாக்களும் ராஜவஸ்திரம் உடுத்திச் சிங்காசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நானூறு பேரும் போங்கள், ஜெயம் உங்களுக்கே என்கிறார்கள். சிதேக்கியா என்ற ஒருவன் இரும்பில் கொம்புகள் செய்துகொண்டு வந்து, இவற்றால் சீரியரை முட்டித் தள்ளுவீர்கள் என்று செய்தே காட்டுகிறான். இன்றைக்கு இருந்தால் புரொஜெக்டர் கொண்டு வந்திருப்பான்.

யோசபாத்துக்கு எங்கேயோ இடிக்கிறது. நானூறு பேர் ஒரே குரலில் பேசியதே அவனுக்கு உறுத்தல். இவர்களைத் தவிர இன்னொருவர் இல்லையா என்று கேட்கிறான். வேதாகமத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்விகளில் இது ஒன்று. ஆகாப் சொல்லும் பதில் அதைவிடப் பெரிய வெளிச்சம். ஒருவன் இருக்கிறான், பெயர் மிகாயா, ஆனால் அவனை எனக்குப் பிடிக்காது, என்னைப் பற்றி ஒரு நாளும் நல்லது சொல்லமாட்டான் என்கிறான். மிகாயா சொல்வது பொய் என்று ஆகாப் சொல்லவே இல்லை. பிடிக்காது என்பது மட்டும்தான் அவன் முறைப்பாடு.

மிகாயாவை அழைக்கப் போன ஆள் வழியிலேயே அவனுக்குப் புத்தி சொல்கிறான். எல்லோரும் ஒரே மாதிரி நல்லது சொல்லியிருக்கிறார்கள், நீயும் அதையே சொல்லிவிடு. எந்த அலுவலகத்திலும் கூட்டத்துக்கு முன்னால் நடைபாதையில் காதோடு காதாகச் சொல்லப்படும் அதே புத்திமதி. மிகாயா முதலில் கேலியாக, போங்கள், ஜெயம் வரும் என்கிறான். அந்தக் கேலி ஆகாபுக்கே புரிந்துவிடுகிறது. உண்மையைச் சொல் என்று அதட்டுகிறான். மிகாயா சொல்கிறான். கன்னத்தில் அறை வாங்குகிறான். சிறைக்குப் போகிறான். ஆகாப் போருக்குப் போகிறான், அதுவும் வேஷம் மாறி. குறிவைக்காமல் எய்த ஓர் அம்பு கவசத்தின் இடுக்கில் புகுந்து, அன்று மாலையே செத்துப்போகிறான்.

வேஷம் மாறிப் போனதை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். மிகாயாவின் வார்த்தையை நம்பாதவன் எதற்கு வேஷம் மாற வேண்டும்? உள்ளுக்குள் நம்பியிருக்கிறான். ஏமாந்தவர்களில் பலர் இப்படித்தான். தெரியாமல் போனவர்கள் குறைவு. தெரிந்தும் கேட்க விரும்பாதவர்களே அதிகம்.

இனி 2021. எங்கள் ஊரில் அந்த வருடத்தைப் பற்றிப் பேசாமல் எந்த விவசாயியோடும் பத்து நிமிடம் இருக்க முடியாது.

கோட்டாபய ராஜபக்ஷவின் 2019 ஜனாதிபதித் தேர்தல் விஞ்ஞாபனமான "சுபீட்சத்தின் நோக்கு", பத்து வருடங்களில் நாட்டைச் சேதன விவசாயத்துக்குக் கொண்டுபோவதாகச் சொன்னது. பத்து வருடம் என்பது நிதானமான பேச்சு. ஆனால் 2021 மே 6ஆம் திகதி வந்த வர்த்தமானி இரசாயனப் பசளையும் பூச்சிகொல்லியும் நாட்டுக்குள் வருவதை ஒரேயடியாக நிறுத்தியது. சுற்றுலா இல்லை, டொலர் இல்லை. பசளை இறக்குமதிக்கோ வருடத்துக்கு நூற்றுக்கணக்கான மில்லியன் டொலர் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பசளையே வேண்டாம் என்கிற ஆலோசனை காதுக்கு எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும்! ராமோத்தைப் பிடிக்க வேண்டும் என்று ஆகாப் முதலே முடிவெடுத்த மாதிரி.

இதில் முழுப் பொய் என்று எதுவும் கிடையாது. அதுதான் சிக்கல். எங்களுக்கு வடக்கே அநுராதபுரம், கிழக்கே பொலன்னறுவைப் பக்கம் 1990களிலிருந்து விவசாயக் குடும்பங்களை வாட்டுகிற சிறுநீரக நோய் உண்மையானது. மருந்து அளவுக்கு மேல் அடிக்கிறோம் என்பதும் உண்மை, சந்தையில் கறிமிளகாய் வாங்கும்போது நானே முகர்ந்து பார்ப்பேன். ஆனால் அந்த நோய்க்கு இதுதான் காரணம் என்று விஞ்ஞானம் அறுதியாக நிறுவவில்லை. அப்படியே வைத்துக்கொண்டாலும், அதிலிருந்து ஒரே போகத்தில் எல்லாவற்றையும் நிறுத்தலாம் என்ற முடிவுக்குத் தாவுவதற்குப் பாலம் கிடையாது. வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்தவன்கூட வேதவசனத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வந்தான். சங்கீதத்தில் இருந்து எடுத்த வசனம். வசனம் உண்மை, அதிலிருந்து அவன் சொன்ன முடிவு, கீழே குதி என்பது. நல்ல வசனத்தை மட்டும் சரிபார்த்துவிட்டுக் குதித்தவர்களின் கதை நம் சபைகளிலும் நிறைய உண்டு.

விவசாயிகள் இதற்கு எதிரிகளாக இருந்தார்கள் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். வெரிட்டே ரிசேர்ச் நிறுவனம் 2021 ஜூலையில் நடத்திய கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு விவசாயிகள் சேதன விவசாயம் என்ற நோக்கத்தை ஆதரித்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் வேண்டும் என்றார்கள். பாருங்கள், வரப்பில் நிற்கிறவனின் பதில்தான் அதிக நிதானமாக இருந்தது.

மிகாயாக்கள் இருந்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பயிரியல் பேராசிரியர் புத்தி மாரம்பே, இது விளைச்சலை வீழ்த்தும் என்று பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அதே வருடம் விவசாய அமைச்சில் அவர் வகித்த பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு டிசம்பரில், அமைச்சின் செயலாளராகவே இருந்த பேராசிரியர் உதித் ஜயசிங்க, உணவுத் தட்டுப்பாடு வரலாம் என்று ஊடகங்களிடம் வாய் திறந்தார். உடனேயே பதவி போனது. அப்போது தடையை நீக்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பதுதான் வேடிக்கை. நவம்பர் இறுதியிலேயே அரசு பின்வாங்கிவிட்டது. கொள்கை தோற்ற பிறகும் மிகாயாவுக்கு மன்னிப்பில்லை.

நடுவில் சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றிக்கொண்டு "ஹிப்போ ஸ்பிரிட்" என்ற கப்பல் வந்தது. மாதிரியில் கெட்ட பக்டீரியா இருப்பதாக நமது பரிசோதகர்கள் சொன்னார்கள், கப்பலை இறக்க விடவில்லை. கடைசியில் இறக்காத பசளைக்கு 2022 ஜனவரியில் 69 இலட்சம் டொலர் கட்டினோம். அதே மாதம் நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபாய் இழப்பீடு அறிவித்தார்கள். மரக்கறிக்காரருக்கு அப்படி ஒன்றும் வந்து சேரவில்லை. தடை நீங்கிய பிறகும் யூரியா கண்ணில் படவில்லை. பட்டபோது மூட்டை பல்லாயிரம் ரூபாய். அந்தப் பெரும்போகத்தில் எங்கள் ஊர்ச் சந்தைக்கு வந்த கோவா, கையில் எடுத்தால் பாரமே இல்லாமல் இருந்தது. வெளி இலை மஞ்சள், உள்ளே இறுக்கம் கிடையாது. கடைக்காரர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைப்பார். விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

2022 ஏப்ரல் 18ஆம் திகதி, புதிய அமைச்சரவையின் முன்னால், விவசாயிகளுக்கு இரசாயனப் பசளை கொடுக்காதது தவறு என்று ஜனாதிபதியே ஒப்புக்கொண்டார். ஜூலையில் நாட்டை விட்டுப் போனார். இந்த ஆலோசனையைக் கொடுத்தவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கொடுத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சிதேக்கியாவும் தன் இரும்புக் கொம்புகளை மனதார நம்பித்தான் இருப்பான். ஆலோசகரின் நெஞ்சுக்குள் புகுந்து பார்க்க நமக்கு வழியில்லை. ஆனால் மாற்றிச் சொன்னவருக்கு என்ன நடந்தது என்று பார்க்கலாம். அது எப்போதும் வெளியில் தெரியும்.

அரசியலை விடுங்கள், நம் வீட்டுக்கு வருவோம். யோசபாத் ஏன் ஆகாபோடு போருக்குப் போனான் என்று சொல்லவில்லையே. கேள்வியைச் சரியாகக் கேட்டான். பதிலையும் காதால் கேட்டான். மிகாயா அறை வாங்குவதைக் கண்ணால் பார்த்தான். அதற்குப் பிறகும் தன் ராஜவஸ்திரத்தோடு ஆகாபின் பக்கத்தில் போர்க்களத்துக்குப் போனான், மயிரிழையில் தப்பினான். 2 நாளாகமம் 18ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் காரணத்தைச் சொல்லிவிடுகிறது. ஆகாபும் அவனும் சம்பந்திகள். தமிழனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? சம்பந்தி வீட்டு விருந்தில், ஆடுமாடெல்லாம் அடித்துப் போட்டிருக்கும்போது, நான் வரவில்லை என்று எப்படிச் சொல்வது?

எனக்குத் தெரிந்த ஒருவர், சந்தையில் சின்னக் கடை. அவருடைய மச்சான் ஒரு நாள் இரவு சாப்பாட்டுக்கு வந்து, இலையை மடித்த பிறகு பேச்சை எடுத்தார். ஒரு செயலி, அதில் பணம் போட வேண்டும், மாதாமாதம் லாபம், இரண்டு பேரைச் சேர்த்தால் இன்னும் கூட. "அத்தான், நான் போட்டிருக்கேன், வருது. உங்களுக்கு நான் பொய் சொல்வேனா?" என்றார். பொய் சொல்லவில்லைதான். அவருக்கு வந்துகொண்டிருந்தது. பின்னால் சேருகிறவர்களின் பணம் முன்னால் சேர்ந்தவருக்கு வருவதுதானே அந்தக் கணக்கு. கடைக்காரரை வட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். நாள் முழுக்க நன்றி, வாழ்த்து, வங்கிச் சீட்டின் படம், "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்", "புத்து சரணய்", எல்லா மதமும் ஒரே குழுவில். ஒருநாள் ஒரு பெண் கேட்டிருக்கிறார்: இந்த நிறுவனம் என்ன வியாபாரம் செய்து லாபம் எடுக்கிறது? பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் குழுவில் இல்லை. அடுத்த செய்தி, "எதிர்மறை எண்ணம் உள்ளவர்களுக்கு இங்கே இடமில்லை" என்று கைகூப்பும் படத்தோடு.

கடைக்காரர் அதைப் பார்த்தார். பார்த்தும் அடுத்த வாரம் பணம் போட்டார். ஏன் என்று நான் கேட்டபோது அவர் சொன்ன ஒரே பதில், "மச்சானை எப்படி முகத்தில அடிச்ச மாதிரி..." வாக்கியத்தை முடிக்கவில்லை. பணம் திரும்ப வரவில்லை. மச்சானும் இப்போது வீட்டுப் பக்கம் வருவதில்லை.

நம் நாட்டுக்கு இது புதிதும் இல்லை. ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பேர் எடுத்த சக்வித்தி ரணசிங்க நுகேகொடையில் வைப்புப் பணம் வாங்கி 2008இல் தலைமறைவானபோதும், அதே வருடக் கடைசியில் கோல்டன் கீ விழுந்தபோதும், பணம் போட்டவர்கள் படிக்காதவர்கள் அல்லர். ஊரில் வங்கி வட்டி என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பல மடங்கு எப்படி வருகிறது என்று கேட்கக்கூடிய ஆட்கள்தான். கேட்டவர் மட்டும் பக்கத்தில் இல்லை. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு பிரமிட் திட்டங்களைக் குற்றமாக்கியிருக்கிறது. மத்திய வங்கி தடைசெய்யப்பட்டவற்றின் பெயர்ப்பட்டியலையும் வெளியிடுகிறது. அதை ஒரு தடவை பார்ப்பதற்கு ஆகும் நேரம், மச்சான் சாப்பிட்டு முடிக்க ஆகும் நேரத்தைவிடக் குறைவு.

ஆண்டவர் பெயரில் வரும் ஆலோசனையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் சபைக்காரர் என்னை விடமாட்டார்கள். 2020 டிசம்பரில் கேகாலை ஹெட்டிமுல்லையில், காளி கனவில் சொன்னதாக ஒருவர் காய்ச்சிய கொவிட் பாணிக்கு ஆயிரக்கணக்கில் வரிசை நின்றதே, அப்போது நம்மவர்கள் எவ்வளவு சிரித்தோம். சுகாதார அமைச்சரே பகிரங்கமாகக் குடித்தார், ஜனவரியில் அவருக்கே தொற்று வந்தது. சிரித்தது சரி. ஆனால் கனவுக்குப் பதில் தரிசனம் என்றும், காளிக்குப் பதில் கர்த்தர் என்றும் போட்டால் நம்மில் எத்தனை பேர் வரிசையில் நின்றிருப்போம்?

1 இராஜாக்கள் 13ஐ எடுத்துப் படியுங்கள். யூதாவிலிருந்து பெத்தேலுக்கு வந்த தேவமனுஷனுக்கு, அங்கே சாப்பிடாதே, குடிக்காதே என்று கட்டளை. ராஜா கூப்பிட்டபோது மறுத்துவிட்டான். ஆனால் ஒரு கிழத் தீர்க்கதரிசி பின்னால் வந்து, நானும் உன்னைப்போல் தீர்க்கதரிசிதான், தேவதூதன் எனக்குச் சொன்னான், வா வீட்டுக்கு என்றதும் போய்விட்டான். பொய் என்று வேதாகமமே பச்சையாகச் சொல்கிறது. திரும்பும் வழியில் சிங்கம் அடித்துப் போட்டது. ராஜாவின் அதிகாரத்துக்கு மசியாதவன், வயதுக்கும் ஆவிக்குரிய பேச்சுக்கும் மசிந்தான். கொடூரமான கதைதான். ஏமாற்றியவன் தப்பித்து, ஏமாந்தவன் செத்தது எனக்கு இன்னும் சமாதானமாகவில்லை. ஆனால் அவன் செய்யத் தவறியதைக் கவனியுங்கள்: உங்களுக்குத் தூதன் சொன்னது ஏன் எனக்குச் சொன்னதற்கு எதிராக இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூத்தவரிடம் எப்படிக் கேட்பது!

இந்த வாயடைப்பு நம் ஜெபக்கூட்டங்களில் அன்றாடம் நடக்கிறது. கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார், இந்தப் பெண்ணை இந்த இடத்தில் கொடு, இந்த ஏஜென்சி மூலம் போ, இந்தக் காணியை விற்று ஊழியத்துக்குக் கொடு. கேள்வி கேட்டால் விசுவாசக் குறைச்சல், அபிஷேகம் பண்ணப்பட்டவருக்கு விரோதம். பவுல் பிரசங்கித்ததையே தினமும் வேதத்தில் தேடிச் சரிபார்த்த பெரோயா ஊர்க்காரரை அப்போஸ்தலர் நடபடிகள் 17 நற்குணசாலிகள் என்று புகழ்கிறது. அப்போஸ்தலனையே சோதித்துப் பார்க்கலாம் என்றால், மாத்தளையிலிருந்து வந்த ஊழியக்காரரைச் சோதித்துப் பார்ப்பதில் என்ன பாவம்? தன் வார்த்தையைச் சரிபார்க்க விடாதவர் யாராக இருந்தாலும், எத்தனை வருட ஊழியமாக இருந்தாலும், அவரிடம் வாங்கப்போகாதீர்கள்.

யோசபாத் அரண்மனைக்குத் திரும்பியபோது யெகூ என்ற ஞானதிருஷ்டிக்காரன் எதிரே போய் முகத்துக்கு நேராகக் கண்டித்தான். அவனைச் சிறையில் போட்டதாக எழுதியில்லை. யோசபாத் அடுத்துச் செய்ததாக 2 நாளாகமம் 19 சொல்வது, ஊர் ஊராகப் போய், கோட்டையுள்ள பட்டணங்களில் எல்லாம் நியாயாதிபதிகளை வைத்து, பரிதானம் வாங்காமல் பாரபட்சம் இல்லாமல் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கட்டளையிட்டதை. அவனுடைய தகப்பன் ஆசா, அந்த யெகூவின் தகப்பன் அனானியைச் சிறையில் போட்டவன். அதே பேச்சு, அதே குடும்பம், மகன் வேறு மாதிரி நடந்துகொண்டான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவிலிருந்து, எல்லாவற்றுக்கும் நொட்டை சொல்கிறார் என்று நீக்கிவைத்த ஒரு பெரியப்பாவோ, ஒரு மதினியோ இருப்பார். இன்றைக்கே திரும்பச் சேருங்கள்.